கையடக்கக் கணினியும் லினக்ஸும்: தரவு யாருக்குச் சொந்தம்?

கையடக்கக் கணினி என்று சொன்னால் இன்றைய முதலாண்டு மாணவர்கள் தங்கள் கைப்பேசியை எடுத்துக் காட்டுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், கைப்பேசி கணினியாக மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டைப் பைக்குள் ஒரு கணினி குடியேறிவிட்டது. 1996-ஆம் ஆண்டு யு.எஸ். ரோபோட்டிக்ஸ் நிறுவனம் ‘பைலட்’ என்னும் பெயரில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் ‘பால்ம்’ என்ற பெயரே நிலைத்தது. (நம் நாட்டில் பால்ம் என்றதும் செம்பனைதான் நினைவுக்கு வரும். அதற்கு நான் பொறுப்பல்ல.) முகவரிப் புத்தகம், நாட்குறிப்பு, செய்ய வேண்டியவை, சிறுகுறிப்பு ஆகிய நான்கும்தான் அதன் முக்கிய வேலைகள். சாம்பல் நிறத் திரையில் பிளாஸ்டிக் எழுதுகோலால் ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். முன்னாள் மாணவர்களில் சிலருக்கு இது நினைவிருக்கும்.

அந்தக் கருவிகளின் காலம் முடிந்துவிட்டது. பால்ம் நிறுவனத்தையே 2010-ஆம் ஆண்டு எச்பி வாங்கிவிட்டது. பிறகு எதற்கு இந்தக் கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். அவற்றை லினக்ஸ் மேசைக் கணினியோடு இணைப்பதற்கு அன்று சிலர் பட்ட பாட்டில், இன்று கைப்பேசி வைத்திருக்கும் நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது என்பது என் கருத்து. நாம் எழுதி வைப்பதை நாம் விரும்பும் கணினிக்கு எடுத்துச் செல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது?

பால்ம் கருவியை வடிவமைத்தவர்கள் அதனைத் தனித்து வாழும் கணினியாக நினைக்கவில்லை. மேசைக் கணினியில் உள்ளதன் ஒரு நகலைக் கையில் எடுத்துச் செல்வதற்கான பெட்டியாகவே நினைத்தார்கள். கருவியை அதன் தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், இரு பக்கத்திலும் உள்ளவை ஒன்றாகிவிடும். இதைத்தான் ஒத்திசைவு என்கிறோம். சொல்வதற்கு எளிது, செய்வது எளிதன்று. காலையில் பேருந்தில் நீங்கள் நண்பரின் எண்ணைக் கருவியில் மாற்றுகிறீர்கள். அதே நாளில் வீட்டில் தங்கை மேசைக் கணினியில் அதே நண்பரின் முகவரியை மாற்றுகிறாள். மாலையில் எது சரி?

பால்ம் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாண்டது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண் உண்டு. மாற்றப்பட்ட பதிவுக்கு ஓர் அடையாளக் குறியும் விழும். கடைசியாக ஒத்திசைத்த அதே கணினி என்றால், குறி விழுந்த பதிவுகளை மட்டும் பார்த்து வேலையை விரைவாக முடிக்கும். வேறு கணினி என்றால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிடும். ஒரே பதிவை இரு பக்கமும் மாற்றியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ‘நீயே பார்த்துக்கொள்’ என்று நம்மிடம் விட்டுவிடும். எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. எதையும் நம்மைக் கேட்காமல் தூக்கி எறியவில்லை.

ஆனால் பெட்டியோடு வந்த மென்பொருள் விண்டோசுக்கும் மேக்கிண்டாசுக்கும் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோர் தங்கள் வழியைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கருவிக்கும் கணினிக்கும் இடையில் கம்பியில் ஓடும் பேச்சைக் கவனித்து, அந்த மொழியைப் புரிந்துகொண்டு, ‘பைலட்-லிங்க்’ என்னும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். அதன்மேல் ‘ஜே-பைலட்’, கேடிஇ மேசைத்தளத்துக்குக் ‘கே-பைலட்’, நோமுக்கு ‘நோம்-பைலட்’ எனப் பல எழுந்தன. பால்ம் நிறுவனமும் தன் கோப்பு வடிவத்தின் விவரங்களைப் பொது ஆவணமாக வெளியிட்டிருந்தது. இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்யவில்லை.

இணைப்பதிலும் சிரமம் இருந்தது. பழைய கருவிகள் தொடர் முனையத்தில் செருகப்பட்டன. கணினியின் முதல் தொடர் முனையத்துக்குப் ‘பைலட்’ என்று ஒரு மாற்றுப் பெயர் கொடுத்துவிட்டால் போதும். யுஎஸ்பி வந்த பிறகுதான் உண்மையான வேடிக்கை. லினக்ஸில் இணைக்கும் கருவிக்கு ஒரு கோப்புப் பெயர் கிடைக்கும். பால்முக்கோ தாங்கியில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் அந்தப் பெயர் தோன்றும். மென்பொருள் சற்று நேரத்தில் பேசத் தொடங்காவிட்டால் மறைந்துவிடும். தோன்றும்போது இரண்டு பெயர்களாகத் தோன்றும்; ஒத்திசைவு பெரும்பாலும் இரண்டாவதில்தான் நடக்கும். அதைத் தொடும் அனுமதி சாதாரணப் பயனருக்கு இருக்காது. தலைமைப் பயனராக மாறித் தர வேண்டும். பிறகு ‘யுடெவ்’ வந்து, ஒரே ஒரு விதியை எழுதி வைத்தால் பெயரும் அனுமதியும் தாமாகவே அமையும் என்ற நிலை ஏற்பட்டது. பொத்தானை முதலில் அழுத்து, பிறகு திரையில் சொடுக்கு என்ற வரிசையைக் கற்றுக்கொள்வதற்குள் பலருக்குப் பொறுமை போயிருக்கும். 1999-இல் வந்த ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் என்ற கருவிக்காக எழுதப்பட்ட சிறுநிரல்தான் பின்னர் யுஎஸ்பி வழி இணையும் பால்ம் கருவிகளுக்கும் பயன்பட்டது. அதன் பெயர் இன்றும் ‘வைசர்’தான். கருவி மறைந்தும் நிரல் மறையவில்லை.

மைக்ரோசாப்டின் பாக்கெட் பிசி கருவிகளின் கதை இதைவிடக் கடினமானது. அவை ‘ஆக்டிவ்சிங்க்’ என்னும் மென்பொருளோடு மட்டுமே பேசப் பழக்கப்பட்டவை. லினக்ஸ் பக்கத்தில் ‘சின்ஸ்’ என்ற திட்டம், வெளியிடப்படாத அந்தப் பேச்சை மீண்டும் புரிந்துகொண்டு எழுத முயன்றது. விண்டோஸ் மொபைல் 5 வந்தபோது இணைப்பு முறையே மாறிவிட்டது. அவர்கள் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 2002-இல் வந்த ஷார்ப் ஸாரஸ் கருவியை மட்டும் இங்கே விலக்காகச் சொல்லலாம். அதன் உள்ளே ஓடியதே லினக்ஸ். யுஎஸ்பியில் செருகினால் அது தன்னை ஒரு வலையமைப்பு அட்டை போலக் காட்டிக்கொள்ளும். தனக்கென்று ஓர் ஐபி முகவரியும் வைத்திருக்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைத்தது? இதற்கு என் குடும்பத்திலிருந்தே ஒரு பதில் சொல்கிறேன்.

என் பெரியப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது அங்கிருந்த குடும்பங்கள் ரவாங், கிள்ளான், காப்பார் என்று சிதறிப் போயின. யார் எங்கே போனார்கள், யார் வீட்டில் திருமணம், யார் இறந்தார்கள் என்பதையெல்லாம் பெரியப்பா ஒரு பால்ம் எம்105 கருவியில் எழுதி வைத்தார். அவருக்கு அது 2002-ஆம் ஆண்டு என் அண்ணன், அதாவது அவருடைய மகன், வாங்கித் தந்தது. அண்ணன் அப்போது பல்கலைக்கழக மாணவர், லினக்ஸ் ஆர்வலர். நம் அரசாங்கமே 2004-இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்த காலக்கட்டம் அது. வளாகங்களில் லினக்ஸ் குறுந்தட்டுகள் கை மாறிக்கொண்டிருந்தனவாம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அண்ணன் தகப்பனாரின் கருவியைத் தம் கணினியில் ஜே-பைலட் வழியாக ஒத்திசைத்து வைத்தார்.

பெரியப்பா 2021-இல் காலமானார். 2023-இல் பழைய தோட்டத்து மக்கள் ஓர் ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்தபோது அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. மேசை இழுப்பறையில் பால்ம் கிடைத்தது. புதிய மின்கலங்களைப் போட்டோம். திரை எழுந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

எம்105 போன்ற கருவிகளில் 8 மெகாபைட் நினைவகம் முழுவதும் மின்சாரம் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். இரண்டு சிறிய மின்கலங்கள் தீர்ந்து, உடனே மாற்றாவிட்டால் எல்லாம் போய்விடும். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தைப் பால்ம் நிறுவனம் 2004-இல் வந்த டங்ஸ்டன் டி5 கருவியில்தான் கொண்டுவந்தது. ஆகவே பழைய பால்ம் ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுப்பவருக்குக் கிடைப்பது பெட்டி மட்டுமே.

பட்டியல் அண்ணனின் பழைய வன்தட்டில் இருந்தது. ஜே-பைலட் தன் மறைவுக் கோப்புறையில் பால்மின் தரவுக்கோப்புகளை அப்படியே வைத்திருந்தது. வடிவம் அனைவருக்கும் தெரிந்த ஒன்று: முதல் 78 பைட்டுகள் தலைப்பு, அதில் முதல் 32 பைட்டுகள் கோப்பின் பெயர், அதன் பிறகு ஒவ்வொரு பதிவும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை. நாள் கணக்கு 1904-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும். ஆண்டுக்கு ஏழு பிட்டுகள்தான் ஒதுக்கியிருப்பதால் பால்மின் நாட்காட்டி 2031-ஆம் ஆண்டோடு நின்றுவிடும் என்பது ஒரு கிளைச் செய்தி. இவற்றைத் தெரிந்துகொண்டு பைத்தான் மொழியில் ஐம்பது வரிக்கும் குறைவாக எழுதிப் படித்துவிட்டேன். கணினித்துறை மாணவன் என்பதால் பெருமை பேசவில்லை. வடிவம் திறந்திருந்தது, அவ்வளவுதான். 186 முகவரிகள், 41 குறிப்புகள் வெளிவந்தன.

இதில் கசப்பான பகுதி ஒன்றும் உண்டு. 2009-க்குப் பிறகு பெரியப்பா ஒரு கைப்பேசிக்கு மாறினார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதில் எழுதியவற்றை அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருள் மட்டுமே படிக்கும். அந்த மென்பொருள் இன்றைய கணினிகளில் ஏறுவதில்லை. கைப்பேசியும் உடைந்துவிட்டது. மிஞ்சிய காப்புக்கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் அளவு தெரியும், தேதி தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. ஆக, எங்கள் தோட்டத்து மக்களைப் பற்றி 2003 முதல் 2009 வரை எழுதியது கிடைத்துவிட்டது. அதைவிடப் புதிய கருவியில் எழுதியது கிடைக்கவில்லை. பழையது அழியும், புதியது நிலைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல விரும்புகிறேன்.

இனி, தமிழ் மொழிச் சங்கத்தின் இதழில் இதை எழுதுவதற்கான இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். அந்த 186 பெயர்களில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. தமிழ் கற்பித்தே ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் குறிப்புகள் முழுவதும் ரோமன் எழுத்தில்! காரணம் எளிது. பால்ம் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிட்டு மேற்கத்திய எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. அன்று வழக்கிலிருந்த டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியாக்கத்தைத் திணிப்பதென்றாலும் கருவியின் எழுத்துருவையே மாற்ற வேண்டும். ஜே-பைலட்டின் அமைப்புப் பட்டியலில் ஜப்பானியம், சீனம், கொரியம், ருசியம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. அதை எழுதியவர்மீது குறை சொல்ல மாட்டேன். தமிழுக்கென்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரு பைட் அட்டவணை இருந்தால்தானே அவர் சேர்ப்பார்? விண்டோஸ் 2000 தமிழை ஏற்றபோதுகூட யுனிகோடு வழியாக மட்டுமே ஏற்றது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் தமிழுலகில் பல குறியாக்கங்கள் ஒரே நேரத்தில் வழங்கின. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட பிறகுதான் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதுவது நம்மவர்களுக்குக் கைகூடியது. பெரியப்பாவின் கருவிக்கு அது பிந்தி வந்த வரவு.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் புகுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு ரோமன் எழுத்தில் தமிழ்ப்பெயர் படுவது புதிதல்ல. வருகைப் பதிவேட்டில் ஆறு ஆண்டுகள் என் பெயரும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 186 பெயர்களைத் தமிழுக்குத் திருப்ப உட்கார்ந்தபோதுதான் இழப்பின் அளவு தெரிந்தது. ‘வலி’, ‘வழி’, ‘வளி’, ‘வாளி’ ஆகிய நான்கையும் ஒரே நான்கு ரோமன் எழுத்துகளில் எழுதிவிடலாம் அல்லவா? பெயர்களும் அப்படியே. மாறனா, மாரனா? ஒருவர் பெயர் தனிமலை என்று படித்தேன். பெரியம்மா சிரித்துவிட்டார். “தனிமலைன்னு யாருடா பேரு வைப்பா? அது தண்ணிமலைடா, மூனாவது லயத்துக் கடைசி வீடு” என்றார். பெரியம்மா இருக்கப்போய் 170-க்கும் மேற்பட்ட பெயர்கள் சரியாயின. மற்றவை ரோமன் எழுத்திலேயே நிற்கின்றன. கோப்பு திறந்திருந்தாலும் எழுத்து சரியாக இல்லாவிட்டால், ஒத்திசைவு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இன்று அந்தச் சிக்கல் இல்லை. யுனிகோடு எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் செலவானாலும் லினக்ஸ், விண்டோஸ், கைப்பேசி எல்லாவற்றிலும் ஒரே மூன்று பைட்டுகள். எழுத்துச் சிக்கல் தீர்ந்த காலத்தில், கதவுச் சிக்கலை நாமே விலை கொடுத்து வாங்குகிறோமோ என்பதுதான் என் ஐயம்.

‘இப்போது கம்பியே தேவையில்லையே, எல்லாம் மேகத்தில் தானாக ஒத்திசைகிறதே’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். மின்கலம் தீர்ந்தால் எல்லாம் போய்விடும் எம்105 கருவியைவிட மேகம் பாதுகாப்பானது என்பதை மறுப்பதற்கில்லை. எல்லாரும் நாளைக்கே லினக்ஸுக்கு மாற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பணிக்கட்டுரையை நாளை காலை ஒப்படைக்க வேண்டியவனிடம் போய் யுடெவ் விதி எழுதச் சொல்வது பாவம். ஆனால் அந்த மேகம் ஒரு கணக்கின் பெயரில்தான் நமக்குத் தெரியும். கணக்கு மூடினால்? ஒரு மாணவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் முன்னாள் மாணவர் பட்டியலும் செயலாளரின் பல்கலைக்கழகக் கணக்கில் இருந்தன. அவர் பட்டம் பெற்றார். சில மாதங்களில் கணக்கு மூடப்பட்டது. பட்டியலும் அதோடு போயிற்று. எந்தச் சங்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு விருந்துக்கு அழைப்பு வரவில்லை என்று வருந்தும் முன்னாள் மாணவர்களுக்குப் புரிந்திருக்கும்.

லினக்ஸ் பயனர்கள் அன்று கேட்டது ஒன்றுதான்: கருவி யாருடையதாகவும் இருக்கட்டும், பேசும் மொழியும் கோப்பின் வடிவமும் பொதுவாக இருக்கட்டும். அந்தக் கோரிக்கை பெருமளவு நிறைவேறியும் இருக்கிறது. நாட்காட்டிக்குக் ‘கால்டாவ்’ 2007-இலும் முகவரிக்குக் ‘கார்டுடாவ்’ 2011-இலும் பொது நெறிகளாக வெளியிடப்பட்டன. ‘ரடிகாலே’ என்ற சிறிய கட்டற்ற மென்பொருளை ஒரு பழைய லினக்ஸ் கணினியில் ஓட்டினால் அதுவே நமது சொந்த மேகம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டாவ்எக்ஸ்5’ செயலியை நிறுவினால் இரண்டும் பேசிக்கொள்ளும். ஐபோனில் அதுகூடத் தேவையில்லை, அமைப்பிலேயே வசதி இருக்கிறது. பொத்தான் இல்லை, தாங்கி இல்லை, மறையும் கோப்புப் பெயரும் இல்லை. பைலட்-லிங்க் எழுதியவர்கள் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். இவ்வளவு எளிதாகிவிட்ட பிறகும் நாம் பயன்படுத்தாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே சங்கத்தின் அடுத்த செயலவைக்கு என் பரிந்துரை இது. உறுப்பினர் பட்டியலை யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்க வேண்டாம். சங்க அறையில் தூசி படிந்து கிடக்கும் மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவி, அதில் முகவரிச் சேவையகத்தை ஓட்டுவோம். செயலவையினர் தங்கள் கைப்பேசிகளை அதனோடு ஒத்திசைக்கட்டும். ஆண்டுதோறும் பொறுப்பு மாறும் நாளில் கணக்கறிக்கையோடு சேர்த்து, யாரும் எதிலும் திறக்கக்கூடிய வி-கார்டு கோப்பாகவும் சாதாரண உரைக்கோப்பாகவும் பட்டியலை ஒப்படைக்கட்டும். ஒரு படி சங்கப் பொருளாளரிடமும் இன்னொரு படி ஆலோசகரிடமும் இருக்கட்டும். சேவையகத்தை நிறுவித் தரும் வேலையை நான் ஏற்கிறேன். நான் பட்டம் பெற இன்னும் இரண்டு பருவங்கள் இருக்கின்றன. அதற்குள் ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர் முன்வந்தால் கற்றுக் கொடுத்துவிட்டுப் போவேன். கணினித்துறை மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலைப் புதிதாகத் தொகுக்கத் தொடங்குகிறோம். உங்கள் பெயரை நீங்கள் எழுதும் முறையிலேயே தமிழில் எழுதி அனுப்புங்கள். அடையாள அட்டையில் உள்ள ரோமன் வடிவம் அதன் கீழே இருக்கட்டும். தொலைபேசி எண் தர விருப்பமில்லாதவர்கள் பெயரையும் படித்த ஆண்டையும் மட்டும் தந்தால் போதும்.